சாரம் கட்டிய நூலகத்தில் ஒரு நாற்காலி

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஒரு திங்கள்கிழமை காலை நூலகக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: மராமத்துப் பணி காரணமாக மறு அறிவிப்பு வரும்வரை நூலகம் இயங்காது. கீழே ஒரு முத்திரை. தேதி இல்லை, யாரைக் கேட்பது என்றும் இல்லை. உள்ளே ரேக்குகளை இழுக்கும் சத்தம் கேட்டது. சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். நான் எப்போதும் உட்காரும் மேசையின் மேல் சிமெண்ட் மூட்டை அடுக்கியிருந்தார்கள். நூலக உதவியாளர் அண்ணன் வெளியே வந்து, "மூணு மாசம் ஆகும் தம்பி, அப்பறமா வா" என்றார். அவர் மேல் குற்றம் இல்லை. அவருக்குச் சொல்லப்பட்டதும் அவ்வளவுதான்.

மூன்று மாதம் அடுத்த கல்வியாண்டுவரை நீண்டது. திறந்தபோது புதுப் பெயிண்ட், புது விளக்கு, புது நாற்காலி எல்லாம் அழகாக இருந்தன. நான் தேடிய பழைய இலக்கண உரை மட்டும் கிடைக்கவில்லை. இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்றார்கள். பட்டம் வாங்கி வெளியே வரும்வரை அந்த நூலை நான் பார்க்கவில்லை.

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதை எழுதக் காரணம் ஒரு சின்னக் கணக்கு. இளநிலைப் படிப்பு மூன்று ஆண்டு, முதுநிலை இரண்டு ஆண்டு. ஒரு நூலகம் ஓராண்டு மூடிக் கிடந்தால், இளநிலை மாணவரின் கல்லூரி வாழ்க்கையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. முதுநிலை மாணவருக்குப் பாதி. கட்டடத்துக்கு ஓராண்டு பெரிதில்லை. அது இன்னும் ஐம்பது ஆண்டு நிற்கும். அந்த ஆண்டில் படித்தவர்களுக்கு மட்டும் அந்த ஆண்டு திரும்ப வராது.

தருமபுரியில் உட்கார்ந்து பார்த்தால் இந்தக் கணக்கு இன்னும் கனக்கிறது. 1965 அக்டோபர் 2இல் சேலத்திலிருந்து பிரிந்து உருவான மாவட்டம் இது. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் போனது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடு, தருமபுரியில் 68.5. மாநிலத்திலேயே கடைசி இடம். சித்தேரி மலையிலிருந்தும் பென்னாகரம் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்தும் பஸ் மாறிக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளில் பலர், தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். அம்மாவும் அப்பாவும் பெங்களூரில் கட்டட வேலையிலோ திருப்பூரில் பனியன் கம்பெனியிலோ இருப்பார்கள். வீட்டில் ஒரு அறை, ஒரு விளக்கு, பாட்டி, தம்பி, தங்கை. அந்தப் பிள்ளைக்கு மேசை என்று ஒன்று உலகத்தில் இருந்தால், அது நூலகத்து மேசைதான். புத்தகம் அதற்குப் பிறகு.

பல்கலைக்கழக நூலகம் என்றால் இங்கே பெரியார் பல்கலைக்கழகம். 1997இல் தொடங்கியது, தலைமை வளாகம் சேலத்தை அடுத்த கருப்பூரில், பெங்களூர் நெடுஞ்சாலையின் ஓரத்தில் இருக்கிறது. தருமபுரியில், பைசுஅள்ளியில், அதன் முதுநிலை மற்றும் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. நடுவில் தொப்பூர் கணவாய். எந்த வளாகத்தில் எப்போது சுவரை இடித்துக் கட்டினாலும், அந்த நாள்களில் நூலகத்துக்குள் என்ன நடக்க வேண்டும் என்பது இந்த மாவட்டத்து மாணவரின் சொந்தக் கேள்வி.

மூன்று வீடு மாறிய நூலகம்

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்குப் பதில் தேட நல்ல இடம் சென்னைப் பல்கலைக்கழக நூலகம். மெரினா கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் அந்த மணிக்கூண்டைப் பார்க்காமல் போக முடியாது. அதன் அடியில் இருப்பது நூலகம் என்று பலருக்குத் தெரியாது. 1907இல் தொடங்கியபோது அதற்குச் சொந்த வீடு இல்லை. எழும்பூரில் 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகத்தில் ஒண்டுக்குடித்தனம். பிறகு சேப்பாக்கத்து செனட் ஹவுஸ். 1936 செப்டம்பரில்தான் கடற்கரையில் சொந்தக் கட்டடம். முப்பது ஆண்டுக்குள் மூன்று வீடு.

அந்த அலைச்சலின் பிற்பாதியில் அதன் தலைவராக இருந்தவர் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். இரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924 சனவரியில் நூலகராக வந்தார். வந்த சில நாளிலேயே, ஆள் நடமாட்டமில்லாத இந்த வேலை வேண்டாம், வகுப்பறைக்கே திரும்பிவிடுகிறேன் என்று போய் நின்றவர். முதலில் லண்டன் போய் நூலகக் கல்வியைப் படித்துவிட்டு வாருங்கள், பிறகும் பிடிக்கவில்லை என்றால் பார்க்கலாம் என்று அனுப்பினார்கள். அங்கே படிப்போடு நிற்காமல் பிரிட்டனின் நூலகங்களை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தார். எந்த மேசை எங்கே இருக்கிறது, வாசகர் எந்த வழியாக உள்ளே வருகிறார், யாரிடம் கேட்கிறார் என்றெல்லாம் கவனித்தார். லண்டனின் ஒரு பெரிய கடையில் மெக்கானோ விளையாட்டுப் பொருளைக் கண்டதும் அந்தப் பயணத்தில்தான். துளையிட்ட தகடுகளைத் திருகாணியால் இணைத்து விதவிதமான பொம்மைகள் செய்யும் அந்த விளையாட்டிலிருந்து, நூல்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்தும் அவருடைய கோலன் பகுப்புமுறைக்கான எண்ணம் பிறந்தது. அந்தப் பகுப்புமுறை 1933இல் நூலாக வந்தது.

1925இல் திரும்பி வந்தவர் செய்த பெரிய வேலை, பூட்டிக் கிடந்த அடுக்குகளை வாசகருக்குத் திறந்துவிட்டது. அதற்கு முன் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு கவுண்ட்டருக்கு வெளியே காத்திருக்க வேண்டும். திறந்த பிறகு வாசகர் அடுக்குகளுக்கு நடுவே நடந்தார், தேடியதற்குப் பக்கத்தில் இருந்த, தேடாத நூலையும் எடுத்தார். 1931இல் வந்த அவருடைய ஐந்து விதிகளில் நான்காவது வாசகரின் நேரத்தைப் பற்றியது. ஐந்தாவது, நூலகத்தை வளர்கின்ற ஓர் உயிராகப் பார்ப்பது. எனக்கு இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கத் தோன்றுகிறது. வளர்கிற உயிர் என்றால் சட்டை தைத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். மராமத்து என்பது நூலகத்துக்கு நேர்ந்த விபத்து இல்லை, அதன் இயல்பு. அந்த இயல்பின் செலவை வாசகரின் நேரத்தில் பிடித்தம் செய்யக் கூடாது.

உள்ளே நடந்து பார்த்தால்

ஒரு பல்கலைக்கழக நூலகத்தை வாசலிலிருந்து நடந்து பார்ப்போம். பை வைக்கும் இடம், நுழைவுப் பதிவேடு, இரவல் கவுண்ட்டர். அடுத்து ஓபேக் கணினி. நூற்பட்டி இப்போது அதற்குள் இருக்கிறது. ஒரு பக்கம் நாளிதழும் பருவ இதழும். உள்ளே குறிப்புதவிப் பிரிவு: அகராதிகள், கலைக்களஞ்சியங்கள், வெளியே எடுத்துப் போக முடியாத நூல்கள். அதைத் தாண்டி நூலடுக்குகள். மேலே ஆய்வேடுகள், பைண்டு செய்த பழைய இதழ்கள், மின்நூல் பகுதி. ஒவ்வொரு தளத்திலும் நாற்காலிகள். ஒரு குடிநீர்க் குழாய், ஒரு கழிப்பறை. கடைசி இரண்டையும் நூலகச் சேவை என்று யாரும் எண்ணுவதில்லை. காலை ஏழு மணி பஸ்ஸில் அரூரிலிருந்து வந்து மாலைவரை உட்காரும் மாணவியைக் கேட்டால் தெரியும். புதுப்பிக்கும் வேலையில் முதலில் உடைபடுவது கழிப்பறை, கடைசியில் திறப்பதும் அதுதான்.

இந்த இடங்களை ஒரே நாளில் மூட வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. ஒயரிங் வேலை ஒரு தளத்தில் நடக்கும்போது அடுத்த தளம் இயங்கலாம். சுவருக்குப் பட்டி பார்த்துத் தேய்க்கும்போது கிளம்பும் தூசிதான் மெய்யான எதிரி. காற்றில் மிதந்து, மூன்று அறை தள்ளியிருக்கும் நூலின் மேல் போய்ப் படியும். அதற்காகக் கூரையிலிருந்து தரைவரை பிளாஸ்டிக் தடுப்பு கட்டுவார்கள், அடுக்கைப் போர்த்துவார்கள். போர்த்தியபடியே மாதக்கணக்கில் விட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். ராமபாணப் பூச்சிக்கும் கரையானுக்கும் அது விருந்து. தினம் ஒருமுறை ஆள் போய்த் திறந்து பார்க்க வேண்டும். நூலகம் இயங்கிக்கொண்டிருந்தால் அது தானாக நடக்கும்; பூட்டிவிட்டால் நடக்காது. வாசகர் வந்து போவதே புத்தகத்துக்கும் ஒரு காவல்.

அடுத்தது பாரம். நூல்களைத் தற்காலிகமாக மாடியில் ஒரு வகுப்பறையில் போட்டு வைப்போம் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். நல்ல எண்ணம், ஆபத்தான யோசனை. கட்டடங்களின் தளம் தாங்க வேண்டிய பாரத்துக்கு இந்தியத் தர நிறுவனத்தின் விதி இருக்கிறது. வகுப்பறைத் தளத்துக்கு அது ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 300 கிலோ. நூலடுக்கு அறைக்கு 600 கிலோ. அடுக்கு உயரமானால் அதற்கும் மேல். காகிதம் அவ்வளவு கனம். பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கும் மாடியில் ரேக் ரேக்காக நூலை நிறைத்தால், தளம் தாங்க வேண்டியதைவிட இரட்டிப்பு பாரம் ஏறுகிறது. தரைத்தளத்தைக் கேளுங்கள் என்று பொறியாளர் பிடிவாதம் பிடித்தால் அவர் சொல்வதுதான் சரி.

எத்தனை நீளம் வேண்டும்? ஒரு மீட்டர் தட்டில் முப்பது நூல் நிற்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு லட்சம் நூலுக்கு மூன்று கிலோமீட்டருக்கும் மேல் தட்டு வேண்டும். அந்த மூன்று கிலோமீட்டரையும் வரிசை கலையாமல் பிரித்து, வரிசை கலையாமல் சேர்க்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலான இடங்களில் தவறு நடக்கிறது. சுமை தூக்குபவர்களுக்கு நூல் என்பது செங்கல் மாதிரி ஒரு சரக்கு; நூலின் இடத்தைச் சொல்லும் அழைப்பெண்ணை அவர்களிடம் எதிர்பார்க்க முடியாது. ஒவ்வொரு கட்டிலும் முதல் நூலின் எண், கடைசி நூலின் எண், எந்த ரேக்கின் எத்தனையாவது தட்டு என்று ஒரு சீட்டு. பக்கத்தில் நூலகப் பணியாளர் ஒருவர். இது இருந்தால் போதும். என் பழைய இலக்கண உரை இந்தச் சீட்டு இல்லாமல்தான் தொலைந்திருக்கும். இடம் மாறி அடுக்கப்பட்ட நூல் திருடுபோன நூலுக்குச் சமம். பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருக்கும்.

தீயும் வேனும்

ஜெர்மனியின் வைமர் நகரில் அன்னா அமாலியா நூலகம் இருக்கிறது. கவிஞர் கெத்தே பொறுப்பில் இருந்து கவனித்துக்கொண்ட நூலகம். பழைய கட்டடம் என்பதால் புதுப்பிக்க முடிவெடுத்து, நூல்களை வைக்கப் பூமிக்கடியில் புது அறைகளும் கட்டிவிட்டார்கள். நூல்களை இறக்குவதற்குச் சில வாரங்களே இருந்தன. 2004 செப்டம்பர் 2 இரவு மேல்தளத்தில் தீப்பிடித்தது. 50,000 நூல்கள் எரிந்து போயின. தண்ணீரிலும் புகையிலும் கெட்டவை அதைவிட அதிகம். ஊர் மக்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிப் பல ஆயிரம் நூல்களை வெளியே கொண்டு வந்தார்கள். 2007இல் கட்டடம் திரும்ப எழுந்தது. எரிந்தவற்றில் பல நூல்களுக்கு உலகத்தில் வேறு பிரதியே இல்லை. யாழ்ப்பாணத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1981இல் அங்கே பொது நூலகத்தோடு 97,000 நூல்கள் எரிக்கப்பட்டன. அது விபத்து இல்லை, வெறியாட்டம். வெள்ளைச் சுவர்கள் மறுபடி எழுந்துவிட்டன, ஏடுகள் வரவில்லை. கட்டடத்தைப் புதுப்பிக்கும்போது முதலில் காக்க வேண்டியது எது என்று நான் கற்றது இந்த இரண்டு ஊர்களிடமிருந்து. பழைய ஒயரிங் உள்ள கட்டடத்தில், பெயிண்ட் டப்பாவும் தின்னரும் வெல்டிங் பொறியும் நூலுக்குப் பக்கத்தில் இருக்கவே கூடாது. மராமத்து நாள்களில் மாலை வேலை முடிந்ததும் மெயினை அணைத்தார்களா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பெயர் வேண்டும், பொறுப்பு வேண்டும்.

அடுத்தது ஆக்ஸ்போர்டு. எனக்கு மிகவும் பிடித்த கதை. அங்குள்ள போட்லியன் நூலகம், 1930களில் கட்டிய தன் புதிய கட்டடத்தை முழுவதும் புதுப்பிக்க 2011இல் மூடியது. 2015இல் வெஸ்டன் நூலகம் என்ற பெயரில் திறந்தது. நான்காண்டு வேலை. ஆனால் நூல்கள் நிற்கவில்லை. ஸ்விண்டன் என்ற ஊருக்கு அருகே 2010இல் ஒரு பெரிய கிடங்கைத் திறந்து, சுமார் 70 லட்சம் நூல்களையும் பிற பொருள்களையும் ஒவ்வொன்றுக்கும் பார்கோடு ஒட்டி அங்கே கொண்டு போய் வைத்தார்கள். வாசகர் கணினியில் கேட்பார். வேன் புறப்படும், நாளுக்கு இரண்டு முறை. நூல் ஆக்ஸ்போர்டின் வாசிப்பறைக்கு வந்து சேரும். நடுவில் உள்ள தூரம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர்.

கருப்பூரிலிருந்து தருமபுரிக்கும் கிட்டத்தட்ட அந்தத் தூரம்தான். கொஞ்சம் கூட இருக்கும்.

மின்நூல் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, நல்லதுதான். கல்லூரிகளுக்கான என்-லிஸ்ட், ஆய்வேடுகளுக்கான சோத்கங்கா, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் எல்லாம் உண்டு. 2025 சனவரியிலிருந்து ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில், அரசு சார்ந்த 6,300 கல்வி நிறுவனங்களுக்கு 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள் கிடைக்கின்றன. அரசுப் பல்கலைக்கழகத்து மாணவர் ஒருவர் இதுவரை கனவிலும் எட்டாத இதழ்கள் இவற்றில் உண்டு. கட்டடம் மூடுவதற்கு முந்தைய வாரம், ஒவ்வொரு துறையிலும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, வெளியிலிருந்து உள்நுழைவது எப்படி என்று நூலகர் சொல்லிக்கொடுத்தால், மூடும் காலத்தின் வலியில் ஒரு பங்கு குறையும். ஆனால் கைப்பேசியில் ஆய்விதழைத் திறக்கலாம், நாற்காலியைத் திறக்க முடியாது. பாட்டி தூங்கும் அறையில் இரவு பத்து மணிக்கு விளக்கைப் போட முடியாது. பழைய தமிழ் நூல்களில் எத்தனையோ இன்னும் திரைக்கு வரவேயில்லை. மின்நூல் இருப்பதைக் காட்டி வாசிப்பறையை மூடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

வாசிப்பறைக்கு மாற்று இடம் தேடினால் கிடைக்கும். தேர்வுக் கூடம் பல நாள் காலியாக இருக்கிறது. உணவு விடுதிக் கூடம் மதியம் போக மற்ற நேரம் சும்மா கிடக்கிறது. நகரில் மாவட்ட மைய நூலகம் உண்டு. கிராமங்களில் கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் உண்டு. விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா கடைசி மூச்சை விட்ட பாப்பாரப்பட்டியில், பாரத மாதா நினைவாலயத்தை ஒட்டி ஒரு நூலகம் வந்திருக்கிறது. இவற்றில் பல நாம் கட்டும் வீட்டு வரியில், ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகச் சேர்ந்து நடப்பவை. பல்கலைக்கழகமும் பொது நூலகத் துறையும் ஒரு பருவத்துக்கு ஒப்பந்தம் போட்டு, பல்கலைக்கழக அடையாள அட்டையைக் காட்டினால் கிளை நூலகத்தில் உட்காரலாம், பாடநூல் தொகுப்பு அங்கே வைக்கப்பட்டிருக்கும் என்று செய்ய முடியாதா? சட்டம் தடுக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. யாரும் கேட்டதில்லை என்றுதான் நினைக்கிறேன்.

வேலையைத் தொடங்கும் மாதமும் ஒரு சேவைதான். நவம்பரிலும் ஏப்ரலிலும் பருவத் தேர்வு. சத்தம் போடும் வேலை, அதாவது சுவர் உடைப்பதும் டைல்ஸ் அறுப்பதும், மே மாதத்துக்குப் போக வேண்டும். ஒப்பந்தக்காரருக்குப் பணம் எப்போது வருகிறதோ அப்போது தொடங்குவது வழக்கமாகிவிட்டது. நிதியாண்டு முடிகிற மார்ச்சில் அவசரமாக உடைக்கத் தொடங்கி, ஏப்ரல் தேர்வுக்குப் படிப்பவர்களின் காதில் டிரில் ஓட்டுகிறோம்.

அந்தக் கதவுத் தாளை நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்: முதல் தளத்தில் ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 15 வரை மின்பணி நடக்கும். தமிழ், வரலாறு நூல்கள் தரைத்தளத் தேர்வுக் கூடத்தில், அதே வரிசையில். ஆய்வேடு வேண்டுவோர் முதல் நாள் எழுதிக் கொடுத்தால் மறுநாள் காலை பத்து மணிக்குக் கிடைக்கும். வாசிப்பறை உணவுக் கூடத்தில், மாலை ஏழு வரை. பெண்கள் கழிப்பறை கணிதத் துறையின் பின்புறம். எதுவும் கிடைக்கவில்லை என்றால் கவுண்ட்டரில் கேளுங்கள். கேட்க வேண்டியவர் பெயர் இது. பத்து வரிக்குள் முடிந்துவிடும். வாரம் ஒருமுறை புதுத் தாள்.

நூலகத்தைத் திறந்து வைத்திருப்பதோடு, மாணவர்களைக் கூட்டிப் போய்க் காட்டவும் வேண்டும். சாரம் கட்டியிருக்கும்போதே காட்ட வேண்டும் என்பது என் ஆசை. முதலாண்டு மாணவருக்கு வழக்கமான நூலக அறிமுகம் அரை மணி நேரப் பேச்சோடு முடிகிறது. மராமத்து நடக்கும் நூலகத்தில் நடந்தால் அவர்கள் மறக்க மாட்டார்கள். போர்த்திய அடுக்கு, கட்டின் மேல் சீட்டு, இறக்கி வைத்த மின்விசிறி, சுவருக்குள் ஓடும் பழைய வயர், அடியில் கரையான் அரித்த மரச்சட்டம். ஒரு நூல் தன் இடத்தில் நிற்பதற்கு எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று அப்போது கண்ணால் தெரியும். பாதுகாப்புத் தொப்பி இருபது வாங்கினால் போதும்.

இரங்கநாதன் சென்னையில் கட்டடத்துக்காகக் காத்திருந்த அதே காலத்தில், 1931இல், மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் ஒரு காரியம் நடந்தது. கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர் ஒரு மாட்டுவண்டியை நூலகமாகச் செய்தார். தட்டு தட்டாக நூலை அடுக்கி, ஊர் ஊராக அனுப்பினார். வாசகர் இருக்கும் இடத்துக்கு நூல் போனது. அதற்கு நூலகம் என்று ஒரு சுவர்கூடத் தேவைப்படவில்லை.

கருப்பூரில் பல்கலைக்கழக வாசலில் நின்று கை காட்டினால் தருமபுரி பஸ் நிற்கும். தொப்பூர் கணவாய் ஏறி, இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். காலை எட்டு மணி வண்டியில் பூட்டிய மரப்பெட்டி ஒன்று ஏறட்டும். உள்ளே நேற்று இரவு தருமபுரி மாணவர்கள் கேட்ட நாற்பது நூல்கள். கண்டக்டரிடம் சரக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு, பெட்டியோடு நூலகப் பணியாளர் ஒருவர். பத்து மணிக்கு இங்கே கவுண்ட்டர் திறக்கும்போது, அரூர் பஸ்ஸில் வந்த பெண்ணும் அந்தப் பெட்டியும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்து சேர்ந்திருப்பார்கள்.